கிட்டார் ஆம்பில் ஒரு சின்ன டியூபை மாற்றினால் என்ன ஆகும்?

வால்யூம் குமிழை 2-க்குத் திருப்பினாலே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார். 3-க்குப் போனால் தெளிவான ஒலி போய்க் கரகரப்பு வந்துவிடுகிறது. 1-க்கும் 2-க்கும் நடுவே மயிரிழை அளவு இடத்தில்தான் உங்கள் வாசிப்பு முழுவதும் நடக்கிறது. உங்கள் டியூப் ஆம்ப் இப்படித்தான் படுத்துகிறதா? புது ஆம்ப் வாங்குமுன் உள்ளே இருக்கும் ஒரு சின்ன டியூபை மாற்றிப் பாருங்கள். செலவு குறைவு. பிடிக்கவில்லை என்றால் பழையதையே திரும்பச் செருகிவிடலாம்.

டியூப் என்றால் என்ன?

பழைய வால்வு ரேடியோவுக்குள் ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருக்குமே, அதே வால்வுதான். கிட்டார்காரர்கள் அதை டியூப் என்கிறார்கள். காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிக் குப்பி அது. உள்ளே சூடேறிய உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி எதிரே உள்ள தகட்டுக்கு ஓடும். ஓடும் வழியில் ஒரு மெல்லிய கம்பிச் சுருள் நிற்கும். கிட்டாரிலிருந்து வரும் சின்னச் சிக்னலை அந்தச் சுருளில் கொடுத்தால், மொத்த ஓட்டமும் அதற்கேற்பக் கூடிக் குறையும். இப்படித்தான் சின்ன அசைவு பெரிதாகிறது.

ஆம்பின் பின்பக்கம் எட்டிப் பார்த்தால் இரண்டு அளவில் டியூப்கள் தெரியும். பெரியவை பவர் டியூப்கள். ஸ்பீக்கரை அசைக்கும் பலம் அவற்றுடையது. சிறியவை ப்ரீஆம்ப் டியூப்கள் (முன்பெருக்கிகள்). இந்தக் கட்டுரை சிறியவற்றைப் பற்றியது மட்டுமே.

கெயின் என்பதும் சத்தம் என்பதும் ஒன்றா?

இல்லை. கெயின் (பெருக்கும் மடங்கு) என்பது ஒரு கட்டம் சிக்னலை எவ்வளவு பெரிதாக்குகிறது என்பது. அப்படிப் பெரிதான சிக்னல் அடுத்த கட்டம் தாங்கும் அளவைத் தாண்டினால், அலையின் மேல் நுனியும் கீழ் நுனியும் நறுக்கப்படும். காதில் விழும் கரகரப்பு, அதாவது டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு), இதனால்தான் வருகிறது. ராக் வாசிப்பவருக்கு அது வேண்டும். ஜாஸ் வாசிப்பவருக்கு வேண்டாம்.

என் ஆம்பில் எந்த டியூப் இருக்கும்?

பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7. ஐரோப்பாவில் இதற்கு ஈசிசி83 என்று பெயர், டியூப் ஒன்றுதான். 1947-ல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் வெளியிட்ட இந்த டியூப் இன்றைக்கும் உற்பத்தியில் இருக்கிறது. ஒரே குப்பிக்குள் இரண்டு தனித்தனிப் பெருக்கிகள் உண்டு. அடியில் ஒன்பது ஊசிகள் இருக்கும்.

அதற்குப் பதில் எதைப் போடலாம்?

ஊசி அமைப்பு ஒத்துப்போகும் நெருங்கிய உறவினர் நான்கு பேர். அடைப்புக்குறிக்குள் இருப்பது ஒவ்வொன்றின் பெருக்க எண். 12ஏஎக்ஸ்7-க்கு அது 100.

5751 (70): மிக மென்மையான மாற்றம். ஆம்பின் குணம் மாறாது, அவசரம் மட்டும் குறையும்.

12ஏடி7 (60): ரேடியோ அலைவரிசை வேலைக்காகப் பிறந்த டியூப். கிட்டார் நுழையும் முதல் இடத்தில் போட்டால் ஒலி சற்று வறண்டிருப்பதாகச் சிலருக்குத் தோன்றும்.

12ஏஒய்7 (சுமார் 44): ஆடியோவுக்கென்றே, இரைச்சல் குறைவாக இருக்கும்படி வடிவமைத்தது. தெளிவான ஒலிக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும்.

12ஏயு7 (சுமார் 20): பெரிய சரிவு. பல ஆம்ப்களில் ஒலி சோகை பிடித்தாற்போல் ஆகிவிடும்.

100 என்றால் சிக்னல் 100 மடங்கு பெரிதாகுமா?

ஆகாது. அது டியூபின் உச்சத் திறன். சுற்றியுள்ள மின்தடைகள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டபின், வழக்கமான கிட்டார் ஆம்பில் ஒரு கட்டம் 50, 60 மடங்குதான் தரும். ஆகவே இந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கெயினைக் கூட்ட முடியாதா?

பலர் ஏமாறும் இடம் இது. இந்தக் குடும்பத்தில் 12ஏஎக்ஸ்7-தான் உச்சாணிக் கொம்பு. உங்கள் ஆம்பில் ஏற்கெனவே அது இருந்தால், இந்த மாற்றத்தால் கெயின் இறங்கத்தான் செய்யும். கூடுதல் கரகரப்பு வேண்டுமென்றால் ஒரு பெடல் வாங்குவதே வழி.

ஆனால் முதல் இடத்தில் 12ஏஒய்7 வைத்தே வரும் ஆம்ப்களும் உண்டு. 1950-களின் பிற்பகுதியில் வந்த ஃபெண்டர் பாஸ்மேன் அப்படிப்பட்டது. 1960-களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் அதன் சுற்றைப் பார்த்து ஜேடிஎம்45 என்ற ஆம்பைச் செய்தார்கள். அதில் முதல் டியூப் ஈசிசி83. வேறு சில வித்தியாசங்களும் இருந்தன. ஆனாலும் பாஸ்மேனைவிட மார்ஷல் சீக்கிரமே உறுமத் தொடங்கியதற்கு இந்த ஒரு டியூபும் காரணம். இதே பாதையில் நீங்கள் எந்தப் பக்கமும் நடக்கலாம்.

எந்த டியூபை மாற்றுவது?

முதல் டியூபை. கிட்டார் வயர் செருகும் துளைக்குப் பக்கத்தில், பவர் டியூப்களிலிருந்து தள்ளி இருப்பதுதான் பெரும்பாலும் முதல் டியூப். வரைபடத்தில் வி1 என்று குறித்திருப்பார்கள். சிக்னல் முதலில் நுழைவது இங்கேதான். இங்கே குறைத்தால் அடுத்தடுத்த கட்டங்கள் எல்லாவற்றுக்கும் சுமை குறையும். முதல் கட்டத்தில் பிறக்கும் 'உஸ்' என்ற இரைச்சலும் கூடவே குறையும்.

பவர் டியூப்களை ஒட்டி நிற்கும் கடைசிச் சின்ன டியூபுக்கு வேலை வேறு. சிக்னலை ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு பிரதிகளாக்கிப் பவர் டியூப்களுக்கு அனுப்புவது அது. முதல் முயற்சியிலேயே அதில் கை வைக்காதீர்கள்.

நான் முதல்முறை செய்தபோது ஆசை மிகுதியில் என் ஆம்பின் மூன்று சின்ன டியூப்களையும் ஒரே மாலையில் மாற்றினேன். ஆம்ப் உயிரில்லாமல் ஒலித்தது. எது காரணம் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஒரு நேரத்தில் ஒரு டியூப் மட்டும் என்ற பாடம் அன்று கிடைத்தது.

சத்தம் குறைந்துபோகாதா?

உச்ச சத்தத்தைத் தீர்மானிப்பது முக்கியமாகப் பவர் டியூப்களும் வெளியேற்று டிரான்ஸ்ஃபார்மரும்தான். சின்ன டியூபை மாற்றினால் அந்தச் சத்தத்துக்குப் போகும் பாதை நீளும், அவ்வளவே. முன்பு 2-ல் வந்த சத்தம் இப்போது 3-லோ 4-லோ வரும். தொட்டதும் பீய்ச்சியடித்த குழாய்க்கு வாஷர் மாற்றியதுபோல, குமிழ் உங்கள் விரலுக்குக் கட்டுப்படும். பெடல் பயன்படுத்துபவருக்கும் இது லாபம். பெடல் தள்ளும் பெரிய சிக்னலை முதல் கட்டம் எளிதில் கரகரப்பாக்கிவிடாது.

ஆம்ப் கெட்டுப்போகாதா?

மேலே சொன்ன நான்கும் பொதுவாகப் பாதுகாப்பானவை. சூடேற்றும் இழையின் வோல்டேஜும் ஊசி வரிசையும் ஒன்றே. பவர் டியூபை மாற்றும்போது தேவைப்படும் பயஸ் சரிசெய்தல் (ஓய்வு மின்னோட்டத்தை அமைப்பது) இங்கே தேவையில்லை.

ஆனால் ஒன்பது ஊசி இருப்பதெல்லாம் ஒரே ஜாதி என்று நினைத்துவிடாதீர்கள். ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியரில் மூன்று சின்ன டியூபும் இரண்டு ஈஎல்84 பவர் டியூபும் இருக்கின்றன. ஈஎல்84-க்கும் ஒன்பது ஊசிதான். ஆனால் உயரமாக இருக்கும். இடம் மாற்றிச் செருகினால் செருகிக்கொள்ளும், ஆனால் ஆம்ப் பழுதாகலாம். ஈசிசி88 என்ற டியூபும் அப்படியே. பார்க்க ஒன்றுபோல இருக்கும், சூடேற்றும் ஊசிகளின் இணைப்பு வேறு.

எப்படி மாற்றுவது?

ஆம்பை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். இருபது நிமிடம் ஆறட்டும். கழற்றுமுன் டியூப்களின் வரிசையைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

டியூபைச் சுற்றி உலோக உறை இருந்தால், லேசாக அழுத்தித் திருகிக் கழற்றுங்கள். ஒரு துணியால் டியூபைப் பிடித்து, மிகச் சின்ன வட்டமாக ஆட்டியபடி நேராக இழுங்கள். பக்கவாட்டில் வளைத்தால் ஊசி கோணிவிடும். உச்சியில் இருக்கும் கூர்முனையைத் தொடவே வேண்டாம். அது உடைந்தால் டியூப் போச்சு.

புது டியூபின் அடியைப் பாருங்கள். ஒன்பது ஊசிகளில் ஓரிடத்தில் மட்டும் இடைவெளி அகலமாக இருக்கும். சாக்கெட்டிலும் அதே இடைவெளி உண்டு. இரண்டையும் பொருத்தி நேராக அழுத்துங்கள். கண்ணாடியின் உள்ளே மேல்பக்கம் வெள்ளிபோல மினுங்கும் ஒரு பூச்சு தெரியும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. அந்த டியூபைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

ஸ்பீக்கர் இணைந்திருக்கிறதா என்று பார்த்து, வால்யூமை 0-வில் வைத்து ஆம்பைப் போடுங்கள். ஒரு நிமிடம் கழித்து மெல்ல ஏற்றுங்கள். பென்சிலின் ரப்பர் முனையால் டியூபைத் தட்டினால் லேசான 'டொக்' கேட்பது இயல்பு. மணிபோல நீண்டு ஒலித்தாலோ ஊளையிட்டாலோ, அது மைக்ரோஃபோனிக் டியூப் (அதிர்வை ஒலியாக்கும் டியூப்). முதல் இடத்துக்கு அது உதவாது.

டியூபைக் கழற்ற ஆம்பின் உலோகப் பெட்டியையே திறக்க வேண்டியிருந்தால் நிறுத்திவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள மின்தேக்கிகளில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கலாம். அது உயிரைப் பறிக்கும். மெக்கானிக்கிடம் கொடுப்பதே சரி.

கடைசியாக, எதை வாங்குவது?

ஒன்றே ஒன்று என்றால் 5751. வீட்டில் வாசிப்பவர், தெளிவான ஒலியை விரும்புபவர் என்றால் 12ஏஒய்7. வாங்கியதை முதல் இடத்தில் போட்டு ஒரு வாரம் வாசியுங்கள். அதன்பின் முடிவு செய்யுங்கள். கழற்றிய பழைய டியூபை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். புதியது வந்த அட்டைப் பெட்டியிலேயே போட்டு, எந்த ஆம்ப், எந்த இடம் என்று எழுதி வையுங்கள்.