கண்ணியமும் தேர்தல் சீர்திருத்தமும்

பொருநை பாயும் நெல்லைப் பேட்டையில் 1896 ஜூன் 5-ஆம் நாள் பிறந்தவர் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப். 1946 முதல் 1952 வரை சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக விளங்கினார்.

1949 மே திங்களில் அரசியல் நிர்ணய சபையில், சிறுபான்மையினர்க்குத் தனி வாக்காளர் தொகுதி முறை வேண்டுமென அவர் வாதாடினார், அவை ஏற்கவில்லை. முடிவை மதித்த அப்பெருந்தகை, பின்னர்ப் பொதுத்தொகுதி முறையிலேயே கேரளத்து மஞ்சேரியில் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் வென்றார். மலையாள மண்ணில் தமிழர் ஒருவர்க்குக் கட்சியின் வலிமையோடு நன்மதிப்பும் துணைநின்றது.

ஆயினும், நன்மதிப்பு ஒன்றே தேர்தலைத் தூய்மையாக்கிவிடுமா? சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு பெரிய மாநிலங்களில் 2022-இல் 40 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமோ கட்சியின் செலவுக்கு வரம்பு விதிக்கவில்லை. ஒருபுறம் மட்டும் வேலியிட்டால் பயிர் பிழைக்குமா? பணப்பட்டுவாடா காரணமாக 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தேர்தல்களும், 2019-இல் வேலூர்த் தேர்தலும் நிறுத்தப்பட்டன. நன்கொடையாளர் பெயரை மறைத்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது.

எனவே, கட்சிச் செலவுக்கும் வரம்பு வேண்டும். கணக்கு மக்கள் பார்வைக்கு வரவேண்டும். பொருளற்ற நேர்மையாளரும் போட்டியிடச் சட்டம் வழிவிட வேண்டும். மாணவச் செல்வங்களே! சான்றோரைப் போற்றுதல் எளிது. அவர் போன்றோர் வெல்லும் களத்தை அமைத்தலே நம் கடன். அக்கடன், கைநீட்டிப் பணம் பெறாத முதல் வாக்கிலேயே தொடங்குகிறது.