பூனைப் பிடி

மணிமுத்தாறு அருவிக்கு ஏறுகிற சாலையோரம் நாட்டுக்குரங்குகள் நிறைய. தாய்க்குரங்கு கிளைவிட்டுக் கிளை தாவும்போது வயிற்றில் ஒட்டியிருக்கும் குட்டி விழுவதில்லை. பிடித்துக்கொள்வது குட்டியின் வேலை, தாயின் கைகள் கிளைக்கு. ஊருக்குள் இறங்கினால் கதை தலைகீழ். பூனை தன் குட்டியின் பிடரியைக் கவ்வித் தூக்கும். குட்டியோ காலைச் சுருட்டி, உடம்பைத் தளர்த்தி, சும்மா தொங்கும்.

இறைவனை நாம் பற்றவேண்டுமா, அவனே நம்மைப் பற்றிக்கொள்வானா என்று வைணவப் பெரியோர் தலைமுறை தலைமுறையாக வாதிட்டபோது, வடகலையார் குரங்குக் குட்டியைச் சாட்சிக்கு அழைத்தார்கள், தென்கலையார் பூனைக்குட்டியை. தென்கலையாரின் பெரிய ஆசாரியர் மணவாள மாமுனிகள் 14ஆம் நூற்றாண்டில் பிறந்ததாகப் போற்றப்படும் ஆழ்வார்திருநகரி, மணிமுத்தாறு போய்க் கலக்கிற இதே தாமிரபரணியின் கரையில்தான் இருக்கிறது. நான் எந்தக் கட்சியும் இல்லை. ஆனாலும் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு சினைப்பூனையைத் தெருவில் கவனித்து வந்தால், மனசு தென்கலைப் பக்கம் சாயத்தான் செய்கிறது.

அதன் கர்ப்பமே விந்தையானது. பெட்டைப் பூனைக்குக் கருமுட்டை பெரும்பாலும் தானாக வெளிப்படுவதில்லை. கடுவனோடு கூடிய தூண்டலில்தான் வெளிப்படும். பல கடுவன்களோடு கூடினால், ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குத் தகப்பன்கள் வேறு வேறாகவும் இருக்கலாம். ஏறக்குறைய 63 முதல் 65 நாள் சுமக்கிறது. மூன்றாம் வாரம் முலைக்காம்புகள் சிவந்து புடைக்கும். கடைசி நாட்களில் விறகுப் புரை, பரண், பழைய சாக்குமூட்டை என்று ஒதுக்குப்புறம் தேடி அலையும். நாம் அதை அதிகமாக விரட்டுவதும் அந்த நாட்களில்தான். வீட்டுக்குள் குட்டி போட்டுவிடுமே என்ற பயம்.

இரக்கப்படுகிறவர்கள் மோர்ச்சோறு வைப்பார்கள். நல்ல மனசு, ஆனால் பூனையின் உடம்பு அதற்காகப் படைக்கப்படவில்லை. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்து அதற்குக் கட்டாயம் வேண்டும். தன் உடம்பிலேயே தேவையான அளவு அதைச் செய்துகொள்ளப் பூனையால் முடியாது. அது குறைந்தால் கண் கெடும், கரு கலையும், குட்டி செத்துப் பிறக்கும். இதயத் தசை தளர்வதற்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பைக் கலிபோர்னியாவில் 1987இல் கண்டறிந்தார்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கிற சாளையை உப்பு போடாமல் அவித்து, முள் எடுத்துக் கொடுத்தால் போதும். பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும், அதனால் தண்ணீரே நல்லது. அட்டைப்பெட்டியில் பழைய வேட்டியை விரித்து இருட்டு மூலையில் வைக்கலாம். அந்த இடத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவக் கூடாது, அது பூனைக்கு நஞ்சு. பாரசிட்டமாலும் அப்படியே, ஒரு மாத்திரையே உயிரைக் குடித்துவிடும்.

மற்றதெல்லாம் அதற்கே தெரியும். தலைச்சன் பேறானாலும் சவ்வை நக்கிக் கிழித்து, கொடியைக் கடித்து அறுத்து, நஞ்சுக்கொடியைத் தின்றுவிடும். எந்த மருத்துவச்சியிடம் படித்தது? குட்டிகள் கண் திறக்காமல், காது அடைத்துப் பிறக்கின்றன. உடம்புச் சூட்டைத் தாங்களாகக் காத்துக்கொள்ளக்கூட அவற்றுக்குத் தெரியாது. சிறுநீர் கழிக்கவும் தாய் நக்கித் தூண்டவேண்டும். ஆனாலும் அந்தக் குருட்டுக் குட்டிகள் வாசனையைப் பிடித்தே மடிக்குப் போய்ச் சேர்கின்றன. இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் ஆளுக்கொரு காம்பு என்று உரிமையும் கொண்டாடிக்கொள்கின்றன. வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைக்கிறதற்கே நம் ஊரில் எத்தனை பஞ்சாயத்து! இங்கே பார்வையில்லாத நாலைந்து குட்டிகள் ஒரு சண்டையுமில்லாமல் பங்கு பிரித்துக்கொள்கிற ஏற்பாட்டை யார் எழுதி வைத்தார்களோ, அவருக்கு ஒரு கும்பிடு.

பூனை ஏழு வீடு மாறும் என்பார்கள். ஏழு என்பது கணக்கல்ல, மாறுவது நிஜம். பிரசவ வாடை நாயையும் கீரியையும் பாம்பையும் அழைத்துவிடும். மலையடிவார ஊரில் எச்சரிக்கை கூடுதலாகவே வேண்டும். குட்டியைத் தூக்கப் போன பேரனைத் தடுக்க எங்கள் தெரு ஆச்சி சொன்னது: “ஏல, தள்ளி நின்னு பாரு. தொட்டேன்னா ராவோட ராவா வேற எங்கயாது தூக்கிட்டுப் போயிரும்.” கால்நடை மருத்துவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் பலமாக முக்கியும் குட்டி வெளிவராவிட்டாலோ, தாய் துவண்டு கிடந்தாலோதான் நம் கைக்கு வேலை. அப்போது தாமதிக்கவே கூடாது.

அடுத்த ஈற்று வேண்டுமா என்பதையும் நாம்தான் யோசிக்கவேண்டும். பால் கொடுக்கும்போதே பூனை மறுபடி சினையாகலாம். காட்டிலுள்ள அதன் உறவுக்காரர்களுக்கு இரையும் பகையும் அளவு வைக்கின்றன. தெருவிலோ நம் எச்சிலை அந்த அளவைக் கலைத்துவிட்டது. கருத்தடை செய்வது படைப்புக்கு விரோதம் என்று நான் நினைக்கவில்லை. குட்டிகள் பால்குடி மறந்ததும், திருநெல்வேலி ராமையன்பட்டியிலுள்ள அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ பக்கத்துக் கால்நடை மருத்துவமனையிலோ கேட்டுக்கொண்டு தாயைக் கொண்டுபோகலாம். அதைக் கூடைக்குள் ஏற்றுவதற்குள்தான் முழங்கையெல்லாம் கீறலாகிவிடும். முதல் நாளே கூடைக்குள் மீன்தலையை வைத்துப் பழக்கி, ஏறியதும் மேலே துணியைப் போட்டு மூடிவிட்டால் பஸ்ஸில் சத்தம் குறையும்.