மிளகாய்த்தூளுக்கு என்ன தண்டனை?

நாவலப்பிட்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சலூன் வைத்திருக்கிறேன். கத்தரிக்கோல் ஓய்ந்தாலும் இங்கே அரசியல் ஓயாது. 2018 நவம்பர் 16ஆம் திகதி சபாநாயகர் கரு ஜயசூரிய பொலிஸ் பாதுகாப்போடு சபைக்குள் வர, எம்.பி.மார் கதிரையையும் புத்தகத்தையும் எறிந்து மிளகாய்த்தூளும் வீசினார்களே, அதைக் கடை டீவியில் பார்த்தோம். முகத்தில் சவர்க்கார நுரையோடு இருந்த தோட்டத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, இவனுகள ஒரேயடியா வெளிய தள்ள ஏலாதா?"

ஏலாது. சத்தம் போடுகிறவரை அன்றைக்கு வெளியே போகச் சொல்லச் சபாநாயகருக்கு முடியும். அடங்காவிட்டால் சில நாட்களோ வாரங்களோ சபை இடைநிறுத்தலாம். ஆசனம் மட்டும் போகாது. மிளகாய்த்தூள் வீச்சுக்காகவும் யாருடைய ஆசனமும் போகவில்லை.

2023 ஒக்டோபரில் பாராளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே நடந்த கைகலப்புக்கு டயானா கமகே உட்பட மூன்று எம்.பி.மாருக்குக் கிடைத்த தண்டனை ஒரு மாத இடைநிறுத்தம். அதே டயானா 2024 மே 8ஆம் திகதி ஆசனத்தையே இழந்தார். கைகலப்புக்காக அல்ல, அவர் பிரித்தானியப் பிரஜை என்பதால் எம்.பி.யாக இருக்கத் தகுதியில்லை என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. 1983இல் தனிநாட்டை ஆதரிக்க மாட்டோம் என்ற ஆறாம் திருத்தச் சத்தியத்தை ஏற்காமல் சபைக்குப் போகாதிருந்த தமிழர் விடுதலைக் கூட்டணியினரோ, மூன்று மாதம் வராத காரணத்தால் ஆசனங்களை இழந்தார்கள். கதிரை எறிந்தவருக்கு இருக்கும் பாதுகாப்பு, கொள்கைக்காக வராமல் இருந்தவருக்கு இருக்கவில்லை.

அப்படியானால் குழப்பம் செய்கிற உறுப்பினரை நிரந்தரமாக நீக்கும் அதிகாரத்தைச் சபைக்குக் கொடுத்துவிடலாமா? கடையில் பலர் 'ஆமாம்' என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை.

1980 ஒக்டோபர் 16ஆம் திகதியை நினைத்துப் பாருங்கள். அதிகாரத் துஷ்பிரயோகம் என்ற விசாரணைக் குழுவின் முடிவைக் காட்டி, முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமையை ஏழு வருடத்துக்குப் பறித்துச் சபையிலிருந்தும் நீக்கினார்கள். அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்பது சட்டம். 168 ஆசனங்களில் 140ஐ 1977இல் வென்றிருந்த ஜே.ஆர். ஜயவர்தன அரசுக்கு அது ஒரு தடையா? தமிழ்நாட்டிலும் பாருங்கள், 1986 டிசம்பரில் க. அன்பழகன் உட்பட தி.மு.க. உறுப்பினர்கள் பத்துப் பேரைச் சட்டமன்றம் நீக்கியது. இந்தியை எதிர்த்து அரசியலமைப்பின் ஆட்சிமொழிப் பகுதியை எரித்ததே அவர்கள் செய்த குற்றம். எரித்தது சபைக்குள்ளும் அல்ல.

அமெரிக்க அரசியலமைப்பும் ஒழுங்கீனமான உறுப்பினரை நீக்க மூன்றில் இரண்டு என்றுதான் பூட்டுப் போட்டிருக்கிறது. நம் நாட்டில் அந்தச் சாவி அடிக்கடி ஒரே கட்சியின் கைக்குப் போய்விடும். 2024 தேர்தலிலும் ஆளுங்கட்சிக்கு 225இல் 159 கிடைத்தது. இன்றைய ஆட்சி நல்லதாகவே இருக்கட்டும், நாளைக்கு வருவது?

இந்த ஊர்க்காரனுக்குப் பயப்பட இன்னொரு காரணமும் உண்டு. 1947இல் நாவலப்பிட்டி தேர்ந்தெடுத்த எம்.பி., இலங்கை இந்தியக் காங்கிரசின் கே. இராஜலிங்கம். மலையகத்தில் அந்தக் கட்சி வென்ற ஏழு பேரில் ஒருவர். அவரை யாரும் சபையிலிருந்து தூக்கி எறியவில்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் என்று அவருக்குப் புள்ளடி போட்டவர்களைத்தான் வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். என் தாத்தாவும் அப்படித்தான் வாக்கை இழந்தார். 1952 தேர்தலில் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை. எல்லாம் பெரும்பான்மை வாக்கோடு, சட்டப்படி நடந்தது.

ஆகவே இடைநிறுத்தும் அதிகாரமே போதும்; அதைக் கட்சி பார்க்காமல், அன்றன்றே பயன்படுத்தட்டும். ஆசனத்தைப் பறிக்கிற வேலை நம்முடையது. விருப்பு வாக்குக்கு மூன்று இலக்கம் தருகிறார்கள். கதிரை எறிந்தவரின் இலக்கத்துக்குப் புள்ளடி போடாதீர்கள்.