கூடிச் செய்வோம் – 6: காட்டுக்குள் ஒரு கணக்கெடுப்பு

எஸ்தோனியாவின் காடுகளில் பழைய டயர்களும் துருப்பிடித்த குளிர்சாதனப் பெட்டிகளும் கட்டட இடிபாடுகளும் குவிந்து கிடந்தன. அவை எங்கெங்கே, எவ்வளவு கிடக்கின்றன என்பதற்கு முழுக் கணக்கு இல்லை. ஒரே நாளில் நாடு முழுவதையும் சுத்தம் செய்துவிடலாம் என்று ரெய்னர் நொல்வாக் என்ற தொழில்முனைவோரும் அவருடைய நண்பர்களும் சொன்னபோது, அது வெறும் ஆசையாகத்தான் தோன்றியிருக்கும்.

ஆனால் அவர்கள் முதலில் திரட்டியது கூட்டத்தை அல்ல, தகவலை. ஸ்கைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆஹ்தி ஹைன்லா அதற்கான மென்பொருளுக்குப் பொறுப்பேற்றார். தன்னார்வலர்கள் காடு காடாக நடந்து, குப்பைமேடுகளைக் கைபேசியில் படமெடுத்து, ஜிபிஎஸ் மூலம் இடத்தைக் குறித்து அனுப்பினார்கள். 10,000-க்கும் மேற்பட்ட இடங்கள் இணைய வரைபடத்தில் எல்லோர் பார்வைக்கும் வந்தன.

இந்த முயற்சியின் உயிர் அந்த வரைபடத்தில்தான் இருந்தது என்பேன். ‘நாட்டைச் சுத்தம் செய்ய வாருங்கள்’ என்றால் நல்ல மனிதர்கள்கூடத் தலையாட்டிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். ‘உங்கள் ஊருக்கு அந்தப் பக்கம், ஆற்றோரக் குப்பைமேட்டுக்கு இருபது பேர் வேண்டும், காலையில் வந்துவிடுங்கள்’ என்றால் கிளம்பி வருவார்கள். 2008 மே 3 அன்று அப்படித்தான் வந்தார்கள். சுமார் 13 லட்சம் பேர் வாழும் நாட்டில் 50,000 பேர் இறங்கி, ஏறத்தாழ 10,000 டன் குப்பையை அகற்றினார்கள்.

அன்று சனிக்கிழமை. சோவியத் ஆட்சியில் சனிக்கிழமைகளில் ‘சுபோத்னிக்’ என்று கூலியில்லா வேலைக்கு அழைப்பார்கள். பெயரளவில்தான் அது தன்னார்வம். அந்தக் கசப்பை அறிந்த தலைமுறையும் வாழ்ந்துகொண்டிருந்த நாட்டில், யாரும் கட்டாயப்படுத்தாமலே இத்தனை பேர் வந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். அவர்களுக்கு அதைவிடப் பழைய வழக்கம் ஒன்றும் உண்டு: ‘தால்குத்’. ஒரு வீட்டின் அறுவடைக்கோ கட்டுமானத்துக்கோ அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். கூலி கிடையாது, வீட்டுக்காரர் வயிறாரச் சாப்பாடு போடுவார்.

இந்த இயக்கம் பிறகு உலகமெங்கும் பரவி, 2018 செப்டம்பர் 15 அன்று 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் துப்புரவு நாளாக நடந்தது. அதைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். ஒருநாள் துப்புரவு எத்தனை பெரிதானாலும், கொட்டுகிற பழக்கம் மாறாவிட்டால் குப்பை திரும்பவும் சேரும். என் மனம் நிற்பது எஸ்தோனியாவில் ஆண்டுதோறும் மே மாதத் தொடக்கத்தில் நடக்கும் தால்குத் நாளில்தான். அதற்கென்று இருக்கும் இணையதளத்தில், தன் ஊருக்குத் தேவையான வேலையை யார் வேண்டுமானாலும் பதியலாம். கடற்கரையைச் சுத்தம் செய்வதாக இருக்கலாம், பழுதான கிராமத்து ஊஞ்சலைச் சரிசெய்வதாக இருக்கலாம். என்ன வேலை, எங்கே, எத்தனை பேர் தேவை, மண்வெட்டி கொண்டுவர வேண்டுமா என்பதையெல்லாம் அழைப்பவரே எழுதுகிறார். அவர் அதே ஊர்க்காரர். வேலை முடிந்ததும் வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவதும் அவர் பொறுப்பு.

(தொடரும்)