வரிசையில் நின்ற இளைஞன்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள ஊர்களில் கூத்துப் பழக்குவதைக் கண்டவர்களுக்கு ஒரு காட்சி மறவாது நினைவிலிருக்கும். ஊர்ப் பெரியவர்கள் கூடியிருக்க, ஆட வந்த இளைஞர்கள் வரிசையாக நிற்பார்கள். அண்ணாவியார் ஒவ்வொருவரையும் மேலும் கீழும் நோக்குவார். குரலைக் கேட்பார், காலை எடுத்து வைக்கச் சொல்வார், உயரத்தையும் தோளையும் கண்ணாலேயே அளப்பார். அதன் பின்னரே, இவன் தருமன், இவன் வீமன், இவன் கட்டியகாரன் என்று தீர்ப்புப் பிறக்கும். சட்டங்கொடுத்தல் நடக்கும், மாதக்கணக்கில் பழக்கம் நடக்கும், சதங்கை அணிதல் முடிந்து அரங்கேற்றம் வரும். வயலில் கலப்பை பிடித்த தோளுக்கும் வாவியில் தோணி வலித்த கைக்கும் எந்த வேடம் பொருந்தும் என்று அறிவதே அண்ணாவியாரின் முதற் கலை.

இத்தகைய கண் ஒன்று கடல்கடந்த ஹொலிவூட்டிலும் இருந்தது. அது இயக்குநர் ஜோன் போர்ட்டின் கண். 1929ஆம் ஆண்டில் அவர் பொக்ஸ் நிறுவனத்துக்காக எடுத்த 'சலியூட்' என்னும் படத்தின் கதையை இன்று நினைப்பதற்கு அதுவே காரணம்.

கதை எளியது. அண்ணன் தம்பி இருவர். அண்ணன் வெஸ்ட் பொயின்ட் தரைப்படைக் கல்லூரியின் மாணவன். தம்பி அனபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவன். இரு கல்லூரிகளும் 1890ஆம் ஆண்டு முதல் உதைபந்தாட்டத்தில் மோதிவந்தவை. இங்கே வாசகர் ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். வெபர் மைதானத்தில் நாம் காணும் உதைபந்தாட்டம் அன்று அது. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியை மோதித் தள்ளிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். அந்த ஆட்டத்தில் உடன்பிறந்தார் இருவரும் எதிரெதிரே நிற்பதே படத்தின் உச்சம்.

படம் உருவான காலம் விந்தையானது. திரைப்படம் ஊமை நிலையை விட்டுப் பேசத் தொடங்கிய காலம் அது. பேசும்படக் கருவிகள் பாரமானவை; பெரும்பாலான நிறுவனங்கள் நடிகர்களை நாற்சுவர்களுக்குள் அடைத்தே படமெடுத்தன. பொக்ஸ் நிறுவனமோ மூவிடோன் என்னும் முறையினால், ஒலியைப் படச்சுருளிலேயே பதிந்து, வெளியிடங்களிலும் படம்பிடித்தது. 1927இல் அந்நிறுவனம் வெஸ்ட் பொயின்ட் மாணவப் படையின் அணிவகுப்பை ஒலியுடன் செய்திப்படமாகக் காட்டியபோது, மக்கள் வியந்து கேட்டனர். ஆகவே, படைமாணவரைப் பற்றிய கதையை அரங்கச் சீலைக்கு முன்னே எடுக்காமல், அனபொலிஸ் கல்லூரிக்கே சென்று எடுப்பதென்று போர்ட் முடிவு செய்ததில் வியப்பில்லை.

இடம் உண்மையானது, ஆட்டக்காரர் போலியாக இருக்கலாமா? பந்தாட்டம் நடிப்பினால் வருவதன்று. மோதி விழுந்து எழுந்த உடம்புக்குத்தான் அதன் நடை தெரியும். எனவே போர்ட் நடிகர்களைத் தேடவில்லை. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பந்தாட்ட வீரர்களைத் தேடினார். அவரும் இளமையில் பள்ளி அணியில் ஆடியவர். வீரர்களைத் திரட்டித் தர அவருக்கு ஓர் ஆள் கிடைத்தான். படப்பிடிப்புத் தளத்தில் மேசை நாற்காலி சுமந்து கூலி பெற்ற இளைஞன் அவன். அதே பல்கலைக்கழக அணியில் ஆடி, தோளில் காயப்பட்டு, அதனால் உதவிப்பணத்தையும் படிப்பையும் இழந்தவன். மரியன் மொரிசன் என்பது அவன் பெயர்.

வந்து நின்றவர்களுள் முரட்டு முகமும் பெரிய உடம்பும் கொண்ட ஒருவன் இருந்தான். 1928இல் நாட்டின் தலையாய அணியென்று புகழ்பெற்ற அந்தப் பல்கலைக்கழக அணியின் வீரன், வார்ட் பொண்ட். இவன் வேண்டாமே என்று மொரிசன் தயங்கினானாம். அந்த முகந்தான் தமக்கு வேண்டுமென்று போர்ட் பிடிவாதமாக நின்றாராம். பிற்காலத்தில் பலமுறை சொல்லப்பட்ட கதை இது. இருவருக்கும் படத்தில் கிடைத்தவை சிறு வேடங்கள். புதிதாக வந்த தம்பியைச் சீண்டி வருத்தும் மூத்த மாணவர்கள்; பேசுவதற்கு ஒரு சில வரிகள். மொரிசனின் பெயர் படத்தின் பெயர்ப்பட்டியலில் இடம்பெறவே இல்லை.

நாயகனாக நடித்தவர் ஜோர்ஜ் ஓ பிரையன். உண்மையில் கடற்படையிற் பணிசெய்து குத்துச்சண்டையிற் பெயர் பெற்றவர் அவர். படத்திலோ தரைப்படை மாணவனாக வந்தார். அக்காலத்தில் அவர் புகழ் பெரிது. ஆயினும் இன்று இப்படத்தை எவரேனும் தேடிப் பார்ப்பாராயின், அது அவருக்காக அன்று. வரிசையில் நின்ற அந்த இரு இளைஞர்களுக்காக. மொரிசன் 1930இல் ஜோன் வெயின் என்னும் புதுப்பெயருடன் நாயகனானார். 1939இல் போர்ட்டின் 'ஸ்டேஜ்கோச்' அவரை உலகறியச் செய்தது. 1960இல் இறந்த பொண்ட், போர்ட்டின் பல படங்களில் தோன்றினார்.

இன்னொரு விந்தையும் உண்டு. எந்த ஆட்டத்தை உச்சமாக வைத்துப் படம் எடுக்கப்பட்டதோ, அந்த ஆட்டம் 1928இலும் 1929இலும் நடைபெறவே இல்லை. வேறு கல்லூரிகளில் ஏற்கெனவே ஆடித் தேர்ந்தவர்களைச் சேர்ப்பது முறையா என்னும் பிணக்கினால் இரு கல்லூரிகளும் உறவை முறித்துக்கொண்டன. வறியோர்க்கு நிதி திரட்டும் பொருட்டு 1930இல்தான் மீண்டும் மோதின. களத்தில் இல்லாத ஆட்டத்தைத் திரை நடத்திக் காட்டியது!

இவ்வளவும் போர்ட்டின் கண்ணுக்குப் பெருமை. ஆயினும் அந்தக் கண் ஓரிடத்தில் குருடாயிற்று. இப்படத்தில் ஸ்டெப்பின் பெச்சிட் என்னும் கறுப்பின நடிகர் வருகிறார். திறமை மிக்கவர்; அக்காலத்திலேயே பெரும்பொருள் ஈட்டியவர். அவருக்கு வாய்த்ததோ சோம்பலும் மடமையும் உருவான ஏவலாள் வேடம். பார்ப்போர் எள்ளி நகைப்பதற்கென்றே எழுதப்பட்ட வேடம். படம் எடுக்கப்பட்ட கடற்படைக் கல்லூரி 1845இல் தோன்றியது. கறுப்பினத்தவர் ஒருவர் அங்கே பயிற்சியை முடித்து வெளியேறியது 1949இல்தான். மாணவர் வரிசையில் நிற்க உரிமையில்லாதவனுக்குத் திரையிலும் ஏவலாள் வேடந்தான் மிஞ்சியது. ஆளைப் பார்த்து வேடம் கொடுப்பது கலை. பிறப்பைப் பார்த்து வேடம் கொடுப்பது அநீதி. இரண்டும் ஒரே படத்தில் அருகருகே இருக்கின்றன.

அதே தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் நம்மவர்க்கும் ஒருவரைத் தந்தது. அங்கே திரைக்கலை பயின்ற எல்லிஸ் ஆர். டங்கன் 1935இல் இந்தியாவுக்கு வந்தார். தமிழ் அறியாத அவர் இயக்கிய முதல் தமிழ்ப்படம் 'சதிலீலாவதி', 1936இல் வெளிவந்தது. எஸ். எஸ். வாசனின் கதை, நாயகன் இலங்கைக்கு ஓடிவந்து தேயிலைத் தோட்டத்தில் கூலியாக உழைப்பதாக அது செல்கிறது. நாயகன் எம். கே. இராதா. பொலிஸ் அதிகாரியாகச் சிறு வேடத்தில் முதன்முதல் திரையில் தோன்றியவர், இலங்கையிலே பிறந்த எம். ஜி. இராமச்சந்திரன். அனபொலிசில் நடந்ததே இங்கும் நடந்தது. சிறு வேடத்தில் நின்றவனைக் காலம் கைப்பிடித்து முன்னே அழைத்து வந்தது.

எனினும், காலம் எல்லாரையும் அவ்வாறு அழைப்பதில்லை. போர்ட் திரட்டிய மற்றப் பந்தாட்ட வீரர்களைப் பார்ப்பவர் இன்று அறியார். அவர்களது ஓட்டமும் மோதலும் படத்தில் இருக்கின்றன. அவற்றுக்குரியவர் பெயர்கள் நினைவிலில்லை.

நமது களரியை எண்ணிப் பார்ப்போம். வடமோடிக் கூத்தில் அரசன் வருமுன்னர் வந்து அவன் வரவை அறிவிப்பவன் கட்டியகாரன். அவன் இன்றிக் கூத்துத் தொடங்காது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுசென்று, 'இராவணேசன்' முதலியவற்றால் படித்தவர் கண்ணைத் திறந்தபோது, அதற்கு மூலதனமாக நின்றது கிராமத்து அண்ணாவிமாரின் காலும் குரலுமே. அவர்களுள் எத்தனை பேரின் பெயரை நம் பிள்ளைகள் அறிவார்கள்? அன்றியும், பறைமேளக் கூத்தென்னும் அரிய செல்வத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களை நம் ஊர்கள் நெடுங்காலம் எந்த ஓரத்தில் நிறுத்தின? ஸ்டெப்பின் பெச்சிட்டுக்காக இரங்கும் நாம் அக்கேள்விக்கும் முகங்கொடுக்கவேண்டும்.

செலவில்லாத ஒரு கைம்மாறு உண்டு. அரங்கேற்ற அழைப்பிதழில் தலைமை தாங்குவோர் பெயரை அச்சிடுகிறோம். அதன் கீழே கட்டியகாரன் பெயரையும், மத்தளம் அடிப்பவர் பெயரையும், பின்பாட்டுப் பாடுவோர் பெயரையும், பறை முழக்குவோர் பெயரையும் அச்சிடுவோம். பெயர்ப்பட்டியலில் இடமில்லாத மேசை சுமக்கும் கூலியாள் ஒருவன்தான் பின்னொரு நாள் ஜோன் வெயின் ஆனான். நம் களரியில் நிற்பவன் அவ்வாறு ஆகாமலே போகலாம். ஆனாலும் அன்றிரவு ஆடியவன் இன்னான் என்பதை அவன் பேரன் ஒரு தாளிலாவது வாசிக்கட்டும்.