தடக்-தடக் ஓசை எங்கே போயிற்று?



டெங்கில் வட்டாரத்து எண்ணெய்ப்பனை நிலங்களினூடே 2002ஆம் ஆண்டிலிருந்து விமான நிலைய விரைவு ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர். ஆயினும், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த நம் பெரியவர்கள் கேட்டுப் பழகிய ‘தடக்-தடக்’ அதில் இல்லை. காரணம் என்ன?

வெயிலில் இரும்பு நீளும். 12 மீட்டர் தண்டவாளம் 30 பாகை சூடேறினால் சுமார் 4 மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடம் தர, அக்காலத்தில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே சிறு இடைவெளி விட்டார்கள். அதில் சக்கரம் இறங்கி ஏறும் அடிதான் ‘தடக்’. ஒரு பெட்டியின் பின்சக்கரங்களும் அடுத்த பெட்டியின் முன்சக்கரங்களும் அடுத்தடுத்து வருவதால் அது நான்கு அடியாக விழும். பிறகு சற்று ஓய்வு. தாளக்கட்டு அமைந்தது இப்படித்தான்!

இன்று தண்டவாளங்களைப் பற்றவைத்து ஒரே நீளமாக்கி, கட்டைகளோடு இறுகப் பிணைத்து, சரளைக்கல்லில் பதித்துவிடுகிறார்கள். நீள முயலும் இரும்பு நீள வழியின்றி அடங்கிக் கிடக்கிறது. தாளமும் போயிற்று. மின்சார வண்டியில் டீசல் இயந்திரத்தின் உறுமலும் இல்லை.

இதில்தான் ஆபத்து. ‘சத்தம் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்று தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பவர் பழைய காலத்துக் காதை நம்புகிறார். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி விநாடிக்கு 39 மீட்டர் பாயும். இரண்டு தடங்களைக் கடக்க எட்டு விநாடி ஆகுமென்றால், அதற்குள் 300 மீட்டருக்கு மேல் வந்துவிடும். மேம்பாலம் ஏறக் கால் வலிக்கிறது என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

வேறு ஓசைகளும் உண்டு. கூர்மையான வளைவில் சக்கரம் முழுவதும் திரும்ப முடியாமல் பக்கவாட்டில் வழுக்கும். பிடிக்கும், வழுக்கும், மறுபடி பிடிக்கும். பிடில் வில் தந்தியில் செய்வதும் இதுவே. அதனால்தான் அந்தக் கீச்சொலி. மழையில் நனைந்த வளைவில் அது பெரும்பாலும் தணிந்துவிடும். புறப்படும்போது மேலேறும் ‘ஊம்’ ஒலியோ, மின்சாரத்தை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்பும் கருவியால் எழுவது.

ஊதல் ஒலி மட்டும் மாறவில்லை. வண்டி நெருங்கும்போது ஒலியலைகள் நெருங்கி வருவதால் சுருதி உயர்ந்தும், கடந்தபின் தாழ்ந்தும் கேட்கும். 140 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இறக்கம் ஏறக்குறைய அந்தர காந்தாரத்திலிருந்து சட்ஜமத்துக்கு.