தொழிலக ரோபோக்களுக்கான சோதனை, வாடகை, மறுசுழற்சி நிலையம்: தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து

தொழிலக ரோபோ என்பது பல அச்சுகளில் அசையக்கூடிய, வேலைக்கேற்ப நிரலை மாற்றிக்கொள்ளக்கூடிய இயந்திரக் கை. பற்றவைத்தல், பெயின்ட் அடித்தல், பொருளை எடுத்து வைத்தல் போன்ற வேலைகளை இது செய்கிறது. 1961-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்கு அமர்ந்த 'யுனிமேட்' இவ்வகையில் முதலாவது. அச்சிலிருந்து வெளிவரும் சூடான வார்ப்புகளை எடுத்து அடுக்குவதே அதன் பணி.

ஒரு பெரிய ஆலை தனக்குத் தேவையில்லை என்று கைவிடும் ரோபோவை வாங்கிச் சோதித்து, தேறியதைச் சிறு தொழிலகங்களுக்கு வாடகைக்கு விட்டு, தேறாததைப் பாகங்களாகவும் உலோகமாகவும் பிரிக்கும் நிலையத்தை எப்படி வடிவமைப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இந்த மூன்று பணிகளும் இன்று பெரும்பாலும் தனித்தனி ஆட்களிடம் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தால் என்ன பயன் என்பதே இங்கு முக்கியமான கேள்வி.

தென்சென்னைப் புறநகரில் இதன் தேவை

கிண்டித் தொழிற்பேட்டை 1958-இல் தொடங்கியது. தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகம் (மெப்ஸ்) 1984-இல் வந்தது. 1990-களில் மறைமலை நகரில் ஃபோர்டு ஆலையும், 1998-இல் உற்பத்தியைத் தொடங்கிய இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையும், 2010-இல் ஒரகடம் ரெனோ-நிசான் ஆலையும் சேர்ந்துகொண்டன. தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் மறைமலை நகர். வண்டலூரில் மேற்கே திரும்பினால் ஒரகடம். நடுவில் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை போன்ற இடங்களில் பத்து, இருபது பேரை வைத்து நடக்கும் பட்டறைகள். ரோபோக்களை அதிகம் பயன்படுத்தும் கார் ஆலைகளும், ரோபோ வாங்க முதல் இல்லாத சிறு பட்டறைகளும் இப்படிப் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன.

பன்னாட்டு ரோபோட்டிக்ஸ் கூட்டமைப்பின் கணக்குப்படி, இந்தியாவில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் 8,510 தொழிலக ரோபோக்கள் நிறுவப்பட்டன. இது முந்தைய ஆண்டைவிட 59 விழுக்காடு அதிகம். ஒரு ரோபோ பொதுவாகப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் உழைக்கும். ஆனால் கார் ஆலைகள் மாடலை மாற்றும்போது, உழைப்பு மீதமிருக்கும் ரோபோக்களும் வெளியேறுகின்றன. ஆலையே மூடப்படுவதும் உண்டு. உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்த ஃபோர்டு, 2022-இல் மறைமலை நகரில் கடைசிக் காரைத் தயாரித்தது. அப்படியொரு நாள் வரும்போது இயந்திரங்களுக்கு நல்ல வழி ஒன்று தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவை காயலான் கடையில் எடைக்குத்தான் போகும்.

சோதனை

பழைய கார் பாகம் வேண்டுமென்றால் சென்னைக்காரர்கள் புதுப்பேட்டைக்குப் போவார்கள். பாகம் கிடைக்கும், அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது தெரியாது. பழைய ரோபோவை வாங்கும் சிறு முதலாளியின் நிலையும் இதுதான். வெளியே புதுப் பெயின்ட் அடித்திருக்கும். உள்ளே கியரின் பல் தேய்ந்திருக்கும். ஆகவே நிலையத்தின் இதயம் சோதனைக்கூடம்தான். மற்ற இரண்டு பணிகளும் அதன் சொல்லை நம்பித்தான் நடக்க முடியும்.

ரோபோவின் செயல்திறனை அளக்கும் முறையை ஐ.எஸ்.ஓ. 9283 என்னும் தரநிலை (1998) வகுத்துள்ளது. இதில் இரண்டு அளவுகளை மாணவர்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது. பாண்டி ஆடும் சிறுமி முப்பது முறை சில்லு எறிகிறாள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாச் சில்லும் ஒரே இடத்தில் நெருங்கி விழுந்தால் அவளுடைய மறுநிகழ்வுத்திறன் நன்று. அந்த இடம் அவள் குறிவைத்த கட்டத்தின் நடுவாகவும் இருந்தால் துல்லியமும் நன்று. கட்டத்துக்கு வெளியே, ஆனால் ஒரே இடத்தில் விழுவதும் நடக்கும். தரநிலைப்படி ரோபோவும் முழு எடையைத் தாங்கியபடி ஐந்து புள்ளிகளுக்கு முப்பது முறை போய்வர வேண்டும். ஒவ்வொரு முறையும் அது நின்ற இடத்தை லேசர் டிராக்கர் என்னும் கருவி அளக்கும். அந்த இடங்களின் நடுப்புள்ளி எது என்று முதலில் கணக்கிடப்படும். அதிலிருந்து ஒவ்வொரு நிற்குமிடமும் விலகியுள்ள தூரங்களின் சராசரியோடு, அவற்றின் திட்டவிலக்கத்தை மூன்றால் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பது மறுநிகழ்வு அளவு. நடுப்புள்ளி, போகச் சொன்ன புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது துல்லியம்.

ஒரே இடத்தில் நின்று, கையால் கற்றுக்கொடுத்த பாதையில் பற்றவைக்கும் ரோபோவுக்கு மறுநிகழ்வுத்திறன் போதும். வாடகை ரோபோவுக்கு அது போதாது. பழுதானதை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கும்போது, முதல் ரோபோவுக்கு எழுதிய நிரல் இரண்டாவதிலும் ஓட வேண்டும். அதற்குத் துல்லியம் தேவை.

சோதனைக்கூடத்தின் தட்பவெப்பமும் கவனிக்கத்தக்கது. அலுமினியம் ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 0.023 மில்லிமீட்டர் நீள்கிறது. குளிரூட்டிய அறையில் 24 டிகிரியில் சோதித்த ஒரு மீட்டர் கை, சித்திரை மாதத்துத் தகரக் கொட்டகையில் 39 டிகிரியில் நின்றால் சுமார் 0.35 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். நல்ல ரோபோவின் மறுநிகழ்வு அளவோ 0.05 மில்லிமீட்டரை ஒட்டியது. எனவே குளிரூட்டிய அறையில் மட்டும் அளந்து கொடுக்கும் சான்றிதழ் நம் ஊர்ப் பட்டறைக்கு அரைகுறையானது. குளிர்ந்த நிலையில் ஒருமுறை, சில மணிநேரம் ஓடிச் சூடேறிய பின் ஒருமுறை, கொட்டகை வெப்பத்தில் ஒருமுறை என மூன்று அளவுகளையும் சான்றில் எழுதுவதே நேர்மை. சோதனைத் தளத்தின் கான்கிரீட் மேடையைக் கட்டடத்தின் மற்றத் தரையிலிருந்து பிரித்து அமைக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சாலை லாரிகளும் மின்சார ரயில்களும் தரும் அதிர்வு அளவீட்டில் கலந்துவிடக் கூடாது.

கியர்பெட்டிக்குச் செய்வது இரத்தப் பரிசோதனையைப் போன்றது. ஒவ்வொரு மூட்டிலிருந்தும் சிறிது கிரீஸை எடுத்து, அதில் கலந்துள்ள இரும்புத்தூளின் அளவைப் பார்ப்பார்கள். தூள் மிகுந்தால் பல் தேய்கிறது என்று பொருள். மூட்டைக் கழற்றாமலே நோய் தெரிந்துவிடும். பிரேக் சோதனையில், முழு எடையோடு கையை நீட்டி நிறுத்தி மின்சாரத்தைத் துண்டிப்பார்கள்; கை கீழே சரியக் கூடாது. நிலையை நினைவில் வைத்திருக்கும் என்கோடர் பேட்டரி தீர்ந்துபோன ரோபோவுக்குத் தன் மூட்டுகள் எங்கே நிற்கின்றன என்பதே தெரியாது. அதற்கு மறுபடி பூஜ்ய நிலையைக் கற்பிக்க வேண்டும். ஜப்பானில் ஓடிய பழைய ரோபோக்கள் பல 200 வோல்ட் மும்முனை மின்சாரத்துக்கு அமைந்தவை. நம் 415 வோல்ட்டுக்கு மின்மாற்றி உண்டா என்று பார்க்காமல் இணைத்தால் கண்ட்ரோலர் போய்விடும்.

இவ்வளவுக்கும் எல்லாக் கருவிகளையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. மின்காந்தக் குறுக்கீட்டுச் சோதனைக்குத் தரமணியில் சமீர் நிறுவனத்தின் மையம் இருக்கிறது. பொருள்களின் வலிமை, அளவீடு ஆகியவற்றுக்குக் கிண்டியில் நடுவண் அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான சோதனை மையம் உள்ளது. நிலையம் தன் பணத்தை லேசர் டிராக்கரிலும் மேடையிலும் போட்டுவிட்டு, மற்றவற்றை இவர்களிடம் அனுப்பலாம்.

வாடகை

இயந்திரத்தை வாடகைக்கு விடுவது சென்னைக்குப் புதிதல்ல. லாரிகளுக்குத் தவணைக் கடன் தந்த சுந்தரம் ஃபைனான்ஸ் 1954-இல் இங்கேதான் தோன்றியது. இந்தியாவின் முதல் இயந்திரக் குத்தகை நிறுவனமும் 1973-இல் இங்குத் தொடங்கப்பட்டதுதான். ரோபோவுக்கென்றே தனி நிறுவனம் கண்ட நாடு ஜப்பான். 1980-இல் ரோபோ உற்பத்தியாளர்களும் காப்பீட்டு நிறுவனங்களும் சேர்ந்து 'ஜேரால்' என்னும் ரோபோ குத்தகை நிறுவனத்தை அமைத்தனர். அதற்கு அரசு சார்ந்த வளர்ச்சி வங்கியின் கடனும் கிடைத்தது. முழு விலையையும் முதலிலேயே கொடுக்க முடியாத சிறு தொழிலகங்களுக்கும் ரோபோ எட்டியது.

சோதனை எப்படி வாடகையைக் குறைக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் விளக்கலாம். (எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை.) புதுப்பித்து நிறுவிய ரோபோவின் அடக்கம் 12 லட்சம் ரூபாய், குத்தகைக்காலம் 48 மாதம், வட்டி 12 விழுக்காடு, பராமரிப்பும் காப்பீடும் மாதம் 6,000 ரூபாய். நான்கு ஆண்டு கழித்து ரோபோ 3 லட்சம் பெறும் என்று நம்ப ஆதாரம் இருந்தால், மாதத் தேய்மானம் 18,750. முடங்கியிருக்கும் முதல் சராசரியாக 7.5 லட்சம், அதற்கு வட்டி மாதம் 7,500. ஆக வாடகை 32,250 ரூபாய். ஆதாரம் இல்லையென்றால், குத்தகைக்கு விடுபவர் ரோபோ கடைசியில் இரும்பு விலைக்குத்தான் போகும் என்று பயந்து 1 லட்சமே போடுவார். அப்போது தேய்மானம் 22,917, வட்டி 6,500, வாடகை 35,417 ரூபாய். மாதம் மூவாயிரத்துக்கும் மேலான இந்த வேறுபாடு சந்தேகத்துக்காகப் பட்டறைக்காரர் கட்டும் தண்டம். நம்பிக்கையான ஏடு ஒன்று அதை மிச்சப்படுத்துகிறது.

அந்த ஏடு ரோபோவோடு போய்த் திரும்பிவர வேண்டும். ஓடிய மணிநேரம், தூக்கிய எடை, நடந்த மோதல்கள், கிரீஸ் மாற்றிய நாள், பிரேக் சோதனையின் முடிவு எல்லாம் அதில் பதிவாகும். வாடகைக்கு எடுத்தவர் மோதலை மறைத்தால் கண்ட்ரோலரின் பிழைப்பதிவு காட்டிக்கொடுத்துவிடும். திரும்பி வந்ததும் கண்ட்ரோலரில் உள்ள நிரல்களை அழித்தாக வேண்டும். ஒரு பட்டறையின் பொருள் வடிவம் அந்த நிரல்களில் இருக்கிறது. அடுத்த வாடகைக்காரர் அவருடைய போட்டியாளராகவே இருக்கலாம்.

வாடகை ஒப்பந்தத்தில் வேலியைத் தனி விருப்பமாக வைக்கக் கூடாது. நகரும் பொறிப்பாகங்களுக்கு வேலி வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. ரோபோவின் பாதுகாப்புக்கென ஐ.எஸ்.ஓ. 10218 இருக்கிறது, 2025-இல் அது திருத்தி வெளியிடப்பட்டது. அதன் முதற்பகுதி ரோபோவைப் பற்றியது. இரண்டாம் பகுதி அதை வேலைக்களத்தில் பொருத்துவதைப் பற்றியது. விபத்துகளுக்கான இடமும் அதுதான். கதவைத் திறந்தால் ரோபோ நிற்கும்படி இணைத்த வேலி இல்லாமல் எந்த ரோபோவும் நிலையத்தின் வாசலைத் தாண்டக் கூடாது.

வேலை போய்விடுமோ என்ற அச்சம் பட்டறைத் தொழிலாளர்களுக்கு இருப்பது இயல்பு. அதை வெறும் சொல்லால் போக்க முடியாது. ரோபோவை இயக்கும் பயிற்சி வெளியாளுக்குப் போகாமல், அதே பட்டறையின் வெல்டருக்குப் போகும்படி ஒப்பந்தத்திலேயே எழுதலாம். பற்றவைப்பின் நிறத்தையும் ஓசையையும் அறிந்தவர்தான் ரோபோவுக்கு நல்ல பாதை கற்பிப்பார். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.கள் டாடா டெக்னாலஜிஸ் துணையுடன் தொழில் 4.0 மையங்களாக மேம்படுத்தப்படுகின்றன. ஒரகடம் அவற்றில் ஒன்று. பயிற்சிக்கு அத்தகைய இடங்களைப் பயன்படுத்தலாம்.

பிரித்தெடுத்தல்

தேறாத ரோபோவை உடனே உடைப்பது வீண். முதலில் கியர்பெட்டி, சர்வோ மோட்டார், மின்னணு அட்டைகள், டீச் பெண்டன்ட் ஆகியவற்றைக் கழற்றிச் சோதித்து எடுத்து வைக்க வேண்டும். உற்பத்தி நின்றுபோன பழைய கண்ட்ரோலரின் ஓர் அட்டை, அதே மாடலை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் பட்டறைக்குப் பெரும் உதவி. ஏபிபி போன்ற உற்பத்தியாளர்களே தங்கள் பழைய ரோபோக்களைத் திரும்ப வாங்கிப் புதுப்பித்து விற்கிறார்கள் என்பது இந்தப் பாதை வணிகமாகவும் நிற்கும் என்பதற்குச் சான்று.

கழற்றுவதில் ஆபத்துகள் உண்டு. பெரிய ரோபோக்களின் கையைச் சமன்செய்ய இறுக்கிய வில்சுருளோ வாயு உருளையோ இருக்கும். அதன் இறுக்கத்தைத் தளர்த்தாமல் ஆணியைக் கழற்றினால் உயிருக்கே ஆபத்து. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சர்வோ பெருக்கியின் மின்தேக்கிகளில் மின்னேற்றம் சில நிமிடங்கள் நிற்கும். காயலான் கடையில் சுத்தியலோடு இறங்குபவருக்கு இவை எவரும் சொல்லித்தராத செய்திகள்.

மீதமாகும் வார்ப்பிரும்பு, அலுமினியம், செம்பு ஆகியவற்றை விற்பது எளிது. சர்வோ மோட்டாரின் காந்தம்தான் சிக்கல், மதிப்பும் அதில்தான். அது நியோடிமியம், இரும்பு, போரான் கலந்தது. 2025 ஏப்ரலில் சீனா சில அருமண் தனிமங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது இந்திய வாகனத் தொழில் தடுமாறியது. பழைய மோட்டாரில் இருக்கும் காந்தம் எடைக்குப் போட்டுவிடக்கூடிய பொருள் அல்ல என்பது அப்போது பலருக்கும் புரிந்தது. காந்தத்தை 300 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் காந்தத்தன்மையை நீக்கிய பிறகே எடுப்பது நல்லது. இல்லையேல் இரண்டு காந்தங்களுக்கு நடுவே விரல் நசுங்கும்.

சட்டத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், மின்கருவிகள் பிரிவில் பெரிய நிலையான தொழிலகக் கருவிகளை விலக்குகின்றன. தொழிலக ரோபோ அந்த விலக்குக்குள் வரும் என்று வாதிட இடமுண்டு. நிலையம் அந்த வாதத்தில் ஒளிந்துகொள்ளக் கூடாது. மின்னணு அட்டைகளைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைக்க வேண்டும். கழிவு எண்ணெய்க்கு 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளும், பேட்டரிக்கு 2022-ஆம் ஆண்டு விதிகளும் எப்படியும் பொருந்தும்.

இடமும் கட்டடமும்

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-இல் ராம்சர் இடமாக அறிவிக்கப்பட்டது. மேற்கே ஆறு, கிழக்கே சதுப்பு என்பதால், எண்ணெயும் கிரீஸும் புழங்கும் நிலையத்துக்கு மனை தேடுபவர் விலையைக் கேட்பதற்கு முன் 2015 வெள்ளத்தின் உயரத்தைக் கேட்க வேண்டும். சிப்காட், சிட்கோ வளாகங்களில் மேடான மனை கிடைத்தால் அதுவே நல்லது. லாரி திரும்பவும் கிரேன் நிற்கவும் அங்கே அகலமான சாலை இருக்கும்.

கட்டடத்துக்குள் ரோபோ ஒரே திசையில் நகர வேண்டும். இறக்குமிடத்திலிருந்து கழுவுமிடம், அங்கிருந்து சோதனை மேடை. அதன்பின் தேறியது இடப்புறம் புதுப்பிக்கும் கூடத்துக்கு, தேறாதது வலப்புறம் பிரிக்கும் கூடத்துக்கு. இரண்டு கூடங்களுக்கும் நடுவே சுவர் வேண்டும். பிரிக்கும் கூடத்தின் உலோகத்தூள் லேசர் டிராக்கருக்கும் புதிய கியரின் கிரீஸுக்கும் ஆகாது. கண்ட்ரோலர் பெட்டிகளைத் தரையில் வைக்காமல், வெள்ளக் குறிக்கு மேல் கட்டிய திண்ணையில் வைக்க வேண்டும். கழுவுமிடத்துத் தண்ணீர் எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்தத் தொட்டியின் வாயும் திண்ணையின் உயரத்திலேயே இருக்கட்டும். தாழ்வாக இருந்தால், ஐப்பசி கார்த்திகை மழையில் தெருத்தண்ணீர் உள்ளே புகுந்து, தொட்டியில் மிதக்கும் எண்ணெயை அள்ளிக்கொண்டு நேராக ஏரிக்குப் போய்விடும்.